மூன்றாவது வாய்க்கால்

அக்டோபரில் சதுப்புக்குப் போகும்போது
எதையும் எடுத்துப்போவதில்லை.
நோட்டு இல்லை, பென்சில் இல்லை, கேமரா இல்லை.
ரப்பர் பூட்ஸ். ஒரு துண்டு ரை ரொட்டி.
பலகைப் பாதையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து
ஓர் ஊன்றுகோல்.

தார்த்துவில் படித்தபோது
பார்த்ததை வரை என்றார்கள்.
வரைந்தேன்.
அஞ்சலட்டை அச்சடிப்பவர் இரண்டை வாங்கிக்கொண்டார்.
அதோடு விட்டேன்.

இப்போது பார்க்கிறேன், பிறகு மறக்கக் காத்திருக்கிறேன்.
மறதிக்கு மூன்று வாரம் ஆகும்,
காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் போதும்.
முதலில் மரங்கள் போகும்;
நூறு வயதிலும் என் இடுப்பைத் தாண்டாத குட்டைப் பைன்கள்
சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும்.
கொக்குகள் எப்படியும் தெற்கே போகிறவைதாம்.
அடிவானம் மட்டும் லேசில் போகாது,
கடன் கொடுத்தவனைப் போல வாசலிலேயே நிற்கும்.
கடைசியில் மிஞ்சுவது ஓர் எடை,
இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக.
அதைத்தான் கித்தானில் இறக்கிவைக்கிறேன்.
இறக்கியதைச் சுரண்டுகிறேன்.
சுரண்டிய இடத்தில் சில சமயம்
நான் பூசியதைவிட நல்லது இருக்கும்.

நிறம் வேறு கதை.
சதுப்பு நீரைக் கண்ணாடித் தம்ளரில் அள்ளினால்
பால் விடாத தேநீர்.
குளத்தில் அதே நீர் கறுப்பு.
கறுப்பில் மேகம் விழுந்தால் ஒரு நீலம் வரும்,
எந்தக் கடையிலும் விற்காத நீலம்.
ஒன்பது குழாய்களைப் பிதுக்கியும் வரவில்லை.
பதினான்காம் நாள்
தூரிகை கழுவும் டப்பாவின் அடியில் அது உட்கார்ந்திருந்தது,
டர்பன்டைன் நாற்றத்தோடு,
இவ்வளவு நாளும் என்னைத் தேடவிட்டுவிட்டு.

வில்யாண்டி கண்காட்சியில் கேட்பார்கள்,
இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று.
கேட்பவர் கையில் ஒயின் கோப்பை இருக்கும்.
பனிமூட்டம் என்பேன். மௌனம் என்பேன்.
பொய்யில்லை, பாதிதான்.
மற்றப் பாதி
தண்ணீர்க் குழாய் உறைந்த காலைகளின் எரிச்சல்,
விவாகரத்துத் தாளில் என் கையெழுத்து சாய்ந்திருந்த விதம்,
பேருந்தின் அழுக்குச் சன்னலில்
யாரோ முழங்கையால் துடைத்துவிட்டுப் போன வட்டம்.
அந்த வட்டம் நான்கு ஓவியங்களில் இருக்கிறது.
நிலவு என்று எழுதினார்கள்.

நேற்று எண்டெல் விறகு கொண்டுவந்தான்.
இருபத்தாறு வருஷமாகச் சதுப்புக்கரி வெட்டும் எந்திரம் ஓட்டுகிறவன்.
நான் பார்க்கப் போகும் சதுப்பைத்தான்
அவன் சுரண்டிச் சம்பளம் வாங்குகிறான்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
அவன் விறகு நன்றாகக் காய்ந்திருக்கும்.

பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.
ஈரம் காயாத பெரிய கித்தானின் முன்
தாடையைச் சொரிந்துகொண்டு நின்றான்.
"மூன்றாவது வாய்க்கால்" என்றான்.
"விடியுமுன் நாலரை. உறைபனி.
ஆனால் தலைகீழாக மாட்டியிருக்கிறாய்."

வாய்க்கால் எதையும் வரையவில்லை என்றேன்.
அங்கே நான் போனதேயில்லை, வேலி போட்ட இடம் என்றேன்.
பணத்தை எண்ணிப் பையில் வைத்தான்.
"வேலியில் கிழக்கே ஓர் ஓட்டை இருக்கிறது"
என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

இரவு சாப்பிடத் தோன்றவில்லை.
படத்தைத் திருப்பினேன்.
எடை வலப்பக்கம் போனது.
மேலே இருந்த வானம் இறங்கி
வெட்டுண்ட மண்ணாகப் படுத்தது.
கீழிருந்த கறுப்பு மேலேறி
மழைக்கு முந்திய முகத்தோடு நின்றது.
பிடிக்கவில்லை.
சரியாகவும் இருந்தது.

மறுபடி திருப்பினேன். மறுபடி.
அடுப்பில் அவன் விறகு வெடித்தது.

கையெழுத்து எந்த மூலையில் விழுகிறதோ
அதுதான் கீழ்ப்பக்கம்.
தூரிகையைத் தோய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்,
முனையில் சாயம் தடித்துக்கொண்டே போகிறது.
வெளியே இன்னும் இருட்டு.
மணி நாலு.
ஊன்றுகோலை எங்கே வைத்தேன்?